காதுக் கட்டம்

திங்கட்கிழமை பட்டப்பகலில், மில்லு ஷூவும் மஞ்சள் ஹெல்மெட்டுமாக எபினேசர் பஜார் தெருவில் வந்து நின்றதைப் பார்த்ததும் ஹெலன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில், காலை ஷிப்டுக்குப் போன மனுஷன் மூன்று மணிக்கு முன்னால் கேட்டைத் தாண்டி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. காய்ச்சல் அடித்தால்கூட ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு இரும்புச் சூட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கிற ஆள். இன்றைக்குச் சாப்பாட்டுப் பை திறக்கப்படாமல் ஒரு கையில் தொங்கியது, இன்னொரு கையில் நாலாக மடித்த காகிதம் இருந்தது.

ஹெலன் வேலை பார்ப்பது கும்மிடிப்பூண்டி பஜாரில், பேட்டரிக் கடைக்கு மேலே இருக்கும் சந்திரமோகன் சாரின் ஆபீசில். சிப்காட் கம்பெனிகளில் கான்ட்ராக்டில் இருக்கும் ஆட்களுக்கான சகலவிதமான பாரங்களையும் எழுதிக் கொடுக்கிற ஆபீஸ். ஜன்னல் வழியாகப் பார்த்தவள் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கி ஓடினாள்.

"இன்னாய்யா, இந்நேரத்துல? இன்னா ஆச்சு?"

"ஆங்?"

"இன்னா ஆச்சுன்னு கேக்கறேன்!"

"மெமோ குத்துட்டாங்க. ஊட்டுக்குப் போன்னு அனுப்ச்சிட்டாங்க."

அவன் என்னவோ ரகசியம் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டான். பேட்டரிக் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். எதிர்ச் சாரியில் டீக் குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் கிளாசை வாயில் வைத்தபடியே திரும்பினார்கள்.

"மெதுவாப் பேசுய்யா. ஊரே பாக்குது."

"ஆங்?"

இந்த 'ஆங்' இருக்கிறதே, இது மூன்று வருஷமாக ஹெலனின் உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறது. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்றால் ஆங். கேஸ்காரன் வந்தானா என்றால் ஆங். டிவியை இவன் வைக்கிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு ஞானம்மா சீரியலை அவர்கள் வீட்டிலிருந்தே கேட்டுக்கொள்வாள். 'எதையும் காதுல வாங்காத ஜென்மம்' என்று ஹெலன் திட்டாத நாள் கிடையாது. காதில் வாங்க முடியாமல் போயிருக்கும் என்று ஒரு நாளும் அவளுக்குத் தோன்றியதில்லை. ஆம்பளை என்றால் பொண்டாட்டி பேச்சைக் கேட்க மாட்டான் என்பது அவர்கள் தெருவில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம், அதில் யாரும் வைத்தியம் பார்ப்பதில்லை.

அவனை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, காகிதத்தைப் பிரித்தாள்.

நடந்தது இதுதான். எபினேசர் கம்பி உருட்டுகிற மில்லில், ஆறப்போடும் மேடையில் வேலை. சிவக்கச் சிவக்க வெளியே வரும் கம்பிகளை நீளக் கொக்கியால் இழுத்து ஒதுக்கி விட வேண்டும். தலைக்கு மேலே கிரேன் ஓடும். காலை பத்தரைக்கு, கிரேன் ஓட்டுகிற தணிகைவேல் இரண்டு டன் கம்பிக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். மணி அடித்திருக்கிறான். மேடையில் நின்ற எல்லோரும் விலகினார்கள், எபினேசர் விலகவில்லை. தணிகைவேல் சுவிட்சை அமுக்கி நிறுத்த, கட்டு ஊஞ்சலாடி இவன் தலைக்கு ஒரு முழம் தள்ளிப்போய்த் தூணில் மோதியது. யாருக்கும் அடியில்லை. சூப்பர்வைசருக்கு மட்டும் ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டது.

'கிரேன் மணி தொடர்ந்து அடிக்கப்பட்டும் அலட்சியமாக அதே இடத்தில் நின்று பெரும் விபத்துக்குக் காரணமாக இருந்தீர்கள். வியாழக்கிழமை மாலைக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவும்' என்றது மெமோ. கூடவே ஒரு பாரத்தின் நகலைப் பின் அடித்திருந்தார்கள். போன டிசம்பரில் நடந்த மருத்துவ கேம்பில் எடுத்த உடல்தகுதிப் பாரம். அதில் ஒரு கட்டத்தை மட்டும் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டியிருந்தது. செவித்திறன்: நார்மல்.

"ஹெச்.ஆர். பார்த்திபன் சாரு இன்னா சொன்னாரு?" என்று அவன் காதருகே குனிந்து கேட்டாள்.

"‘மணி கேட்டுச்சு, நான்தான் அசால்ட்டா நின்னேன், மன்னிச்சுக்கோங்க'ன்னு எழுதிக் குத்தா வெள்ளிக்கெயமைலேர்ந்து வேலை. அதே எடம், அதே மேடை. எழுதலன்னா கேட்டோட சரி, வேற எந்த மில்லுலயும் சேக்கமாட்டாங்கன்றாரு."

"உனுக்கு மணி கேட்டுச்சாய்யா?"

எபினேசர் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். கேள்வி காதில் விழவில்லையா, விழுந்தும் பதில் இல்லையா என்று ஹெலனுக்கு விளங்கவில்லை. மறுபடியும் அதே மேடையில், அதே கிரேனுக்குக் கீழே இந்த மனுஷனை நிறுத்துவதாவது. இன்றைக்குத் தணிகைவேல் சுவிட்சை அமுக்கினான். நாளைக்கு வேறொருவன் மேலே இருப்பான், அவன் ஒரு கொட்டாவி விட்டால் போதும்.

"எவ அவ, காதைப் பார்த்து நார்மல்னு எழுதுனவ?" என்று ஹெலன் கொதித்தாள். "கேம்புக்கு வந்த அந்த நர்ஸம்மா மட்டும் என் கைல கெடச்சா பேயாட்டம் ஆடிடுவேன். கண்ணை மூடிகினு எழுதியிருக்கா பாரு!"

பாரத்தை அச்சடித்தது அவளுடைய ஆபீஸ்தான். மில்லுக்கு மட்டுமில்லை, ஒன்பது கம்பெனிகளுக்கு அவர்கள்தான் அடிக்கிறார்கள். முன்பெல்லாம் வருஷா வருஷம் டிசம்பர் வந்தால் மூன்று பெண்கள் ஒரு மாதம் உட்கார்ந்து கையால் எழுதுவார்கள். ஒரு பாரத்துக்கு முப்பத்தொரு கட்டம். கம்பெனிக்காரர்கள் பாரத்தில் ஒரு கோட்டைக்கூட மாற்ற விடமாட்டார்கள், அவர்களுடைய பாரம் அவர்களுக்கு வேதவாக்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஹெலன்தான் யூடியூபில் பார்த்துப் பார்த்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல், அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆளுக்கு ஒரு வரியாக நெட்டில் ஒரு ஷீட். அந்த ஷீட்டுக்குப் பின்னால் அவள் எழுதிய நாற்பது ஐம்பது வரி ஸ்கிரிப்ட். ஒரு பட்டனைத் தட்டினால் அது கம்பெனியின் பாரத்தை நகலெடுக்கும், ஒவ்வொரு வரியிலிருந்தும் பெயரையும் வயதையும் எடையையும் எடுத்து அந்தந்தக் கட்டத்தில் கொண்டுபோய் உட்காரவைக்கும், பிடிஎஃப் ஆக்கி வரிசையாக அடுக்கிவிடும். டாக்டரின் கையெழுத்துகூடப் படமாக அதிலேயே இருந்தது. ஒரு மாத வேலை ஒரு மத்தியானத்தில் முடிந்தது. சந்திரமோகன் சார் கிறிஸ்துமஸுக்கு அவளுக்குப் பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தார். பி.காமில் இரண்டு பேப்பர் போன பொண்ணா இத்தனையும் செய்தது என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

அவளுக்கும் பெருமைதான். ஏன் இருக்காது?

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் விடியாததுமாக இருவரும் திருவள்ளூர் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். அங்கே காதுக்குத் தனி டாக்டரம்மா இருப்பதாக ஞானம்மா சொல்லியிருந்தாள். இட்லியும் காரப்பொடியும் கட்டிக்கொண்டு, கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி, சென்ட்ரல் போய் இறங்கி, இன்னொரு ரயில் பிடித்து வந்த வழிக்கு வேறு பக்கமாகப் போக வேண்டும். ஒரே மாவட்டத்துக்குள் போவதற்குச் சென்னையைச் சுற்றிக்கொண்டு போகிற கொடுமையை யாரிடம் சொல்லி அழுவது. புரட்டாசி பிறந்தும் வெயில் இறங்கவில்லை. எதிர்த்திசை ரயில்களில் ஜனங்கள் பிதுங்கிக்கொண்டு தொங்கினார்கள், இவர்கள் பெட்டி காலியாக இருந்தது. செவ்வாப்பேட்டை தாண்டும்போது எபினேசர் ஏதோ சொல்ல வாயெடுத்து, எதிரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து மூடிக்கொண்டான். தன் குரல் எவ்வளவு பெரிது என்று அவனுக்கே தெரியாமல் போய்விட்டது, அதனால் வெளியிடத்தில் பேசுவதையே குறைத்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் அவனை உட்காரவைத்து, இரண்டு காதிலும் கருவியை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். ஹெலன் வெளியே நின்று பார்த்தாள். டெஸ்ட் எடுக்கிற பெண் ஏதேதோ திருகினாள், குறித்தாள், திருகினாள். எபினேசர் பள்ளிக்கூடப் பிள்ளை போல முதுகை நிமிர்த்திக்கொண்டு, கட்டைவிரலைப் பட்டன் மேல் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தான். ஐந்து நிமிஷம் ஆயிற்று. இரண்டே தடவைதான் அமுக்கினான்.

அப்புறம் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக் கேட்டான். "இன்னும் ஆரம்பிக்கலியா?"

ஹெலன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். இத்தனை வருஷம் இந்த மனுஷனைத் திட்டிய திட்டெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது.

டாக்டரம்மா கிராஃப் தாளை மேஜையில் வைத்துப் பேனாவால் காட்டினார். "ரெண்டு காதுமே நல்லா இறங்கிருக்கும்மா. மிஷின் சத்தத்துல நாளாக நாளாகக் கெட்டது. இது ஒரு மாசம் ரெண்டு மாசத்துல வர்றதில்ல, வருஷக் கணக்கு. சத்தம் இருக்கற இடத்துல இனிமே நிக்கவே கூடாது."

"இத்த அப்படியே எழுதிக் குடுங்க மேடம். அந்த மேடைலேர்ந்து மாத்தி வேற வேலை குடுக்கட்டும்."

"இன்னைக்கு என்ன இருக்குன்னு எழுதித் தர்றேன். ஆனா போன டிசம்பர்ல நார்மல்னு இருக்கே? அந்த டெஸ்ட்டோட கிராஃப் எங்க? காது டெஸ்ட்டுன்னா இந்த மாதிரி ஒரு கிராஃப் வந்திருக்கணும். அதை வாங்கிட்டு வாங்க, யார் தப்புன்னு தெரிஞ்சுடும்."

அந்த நர்ஸ் மாட்டினாள் என்று ஹெலனுக்கு ஒரு குரூர சந்தோஷம். பிளாட்பாரத்தில் நின்றே பார்த்திபனுக்குப் போன் போட்டாள்.

"சார், டெஸ்ட்டு எடுத்தாச்சு. ரெண்டு காதும் போயிடுச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க."

"எப்ப எடுத்தீங்க?"

"இன்னைக்குத்தான் சார்."

"ஏம்மா, டிசம்பர்ல நல்லா இருந்த காது இன்னைக்குப் போச்சுன்னா, நடுவுல வெளிய எங்கயோ கெட்டிருக்குன்னு அர்த்தம். அதுக்கு மில்லு என்ன பண்ணும்? அதவிட, காது கேக்கலன்னு தெரிஞ்சே மறைச்சு வேலைக்கு வந்தார்னா அது இன்னும் பெரிய தப்பும்மா. அந்தப் பேப்பரைக் கொண்டாந்தா நான் ரெண்டாவது மெமோ குடுக்க வேண்டி வரும். பேசாம மன்னிப்பு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டார். கையிலிருந்த உண்மையான டெஸ்ட் பேப்பர் புருஷனைக் குற்றவாளியாக்குமாம், எவளோ கண்ணை மூடிக்கொண்டு எழுதிய பொய்ப் பாரம் அரிச்சந்திரனாம். ஹெலன் போனைப் பையில் போட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து இட்லியைப் பிரித்தாள். காரப்பொடியில் எண்ணெய் விட மறந்திருந்தாள். எபினேசர் அதை அப்படியே புரட்டிச் சாப்பிட்டான்.

புதன்கிழமை ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாக இரும்பு பீரோவைத் திறந்தாள். கேம்பில் நர்ஸ் கையால் எழுதுகிற நீள ரிஜிஸ்டர்கள் வருஷவாரியாக உள்ளே கிடந்தன. ஹெலன் அவற்றைப் பிரித்ததே கிடையாது. ஒவ்வொரு கேம்பு முடிந்ததும் பக்கங்களைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், அவள் அதைப் பார்த்துத்தான் ஷீட்டில் ஏற்றுவாள்.

அந்த நர்ஸுக்கு ஒரு பழக்கம், கேம்பு நர்ஸ் எல்லோருக்குமே உள்ள பழக்கம். கோளாறு இருந்தால் மட்டும் எழுதுவார்கள். நல்லபடியாக இருப்பதைக் காலியாக விடுவார்கள். ஒரு நாளில் இருநூறு பேரைப் பார்க்கிறவர்கள் வேறென்ன செய்வார்கள். ஹெலனுக்கும் அது தெரியும். போன டிசம்பர் ரிஜிஸ்டரை மேஜைமேல் விரித்தாள். எபினேசர், எடை, உயரம், பிரஷர், சர்க்கரை. காதுக் கட்டம் காலி. மேலே இருந்தவனுக்கும் காலி. கீழே இருந்தவனுக்கும் காலி. பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அந்த வரிசையில் ஒருவனுக்குக்கூட ஒரு புள்ளி இல்லை.

முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். தலைப்புக்கும் மேலே, போட்டோவில் வெட்டுப்பட்டுப் போயிருந்த இடத்தில், சிவப்பு மையில் தெளிவாக எழுதியிருந்தது. 'காது மிஷின் ரிப்பேர். காது டெஸ்ட் யாருக்கும் எடுக்கவில்லை.' அடியில் நர்ஸின் கையெழுத்து. அதற்கு முந்தின வருஷ ரிஜிஸ்டரிலும் 'மிஷின் வரவில்லை.' அதற்கும் முந்தின வருஷம் அதே வாசகம்.

அப்படியானால் நார்மல் எங்கேயிருந்து வந்தது?

கேட்ட மறு நொடியே ஹெலனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கம்ப்யூட்டரைத் திறந்து, ஸ்கிரிப்டைத் திறந்து, கண்ணால் பார்க்கும்வரை மனசு ஒப்பவில்லை. முதல் வருஷம் முதல் தடவையாக அடித்தபோது, காலியாக இருந்த கட்டங்களில் எல்லாம் கம்ப்யூட்டர் தானாகவே 'அன்டிஃபைன்டு' என்று, விவரம் இல்லை என்பதை ஆங்கிலத்தில் போட்டுவிட்டது. முன்னூறு பாரம் குப்பைக்குப் போனது. சந்திரமோகன் சார் தாண்டவம் ஆடினார். ஒரு கட்டம்கூடக் காலியாக வரக்கூடாது, காலியாக வந்தால் கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான் என்றார். நல்லபடியாக இருந்தால்தானே நர்ஸ் காலியாக விடுகிறாள்? ஹெலன் ஒரு வரியைச் சேர்த்தாள். கட்டம் காலியாக இருந்தால் நார்மல் என்று போடு. அந்த வரி இதோ, அவள் எழுதியபடியே, ஒரு எழுத்து மாறாமல் இருந்தது.

"கடவுளே" என்றாள். எந்தப் பாவமும் அறியாத அந்த நர்ஸை இரண்டு நாளாக வாயில் வந்தபடி ஏசியிருக்கிறாள்.

சந்திரமோகன் சார் வந்ததும் ரிஜிஸ்டரைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"இத்த யார்னா பாத்தாங்களா?"

"இல்ல சார்."

"மூட்டை கட்டி உள்ள வையி."

"சார், எங்க ஊட்டுக்காரரு கிரேனுக்கு அடில நிக்கப்போறாரு சார்! டெஸ்ட்டே எடுக்கல, தப்பா வந்துடுச்சுன்னு ஒரு லெட்டர் குடுங்க."

"ஹெலன், குந்து. நல்லா ரோசனை பண்ணு. ஒம்போது கம்பெனி. அறுநூத்திச் சொச்சம் பாரம், அதும் மூணு வருஷத்துக்கு. டெஸ்ட்டு எடுக்காம எடுத்ததா குத்தோம்னு நானே லெட்டர் எழுதுனா இன்னா ஆவும்? நாளைக்கே ஷட்டரை இஸ்து மூடிட்டு நானும் நீயும் ஸ்டேஷன்ல குந்திகினு இருக்கணும். நீ இன்னா வேணும்னேவா பண்ணே? காலியா வுட்டா வாங்கமாட்டேன்றான். வாங்கமாட்டேன்னா நான் இன்னா பண்றது?"

"அதுக்காவ..."

"இரும்மா. உன் ஊட்டுக்காரரை நான் வுட்டுடுவேனா? ஒரே ஒரு வரி. அவரு வரில காதுக் கட்டத்துல 'குறைவு'ன்னு போடு. பழைய தேதிலயே ஒரு பாரம் எடு. ‘மொதல்ல குத்தது பழைய காப்பி, இதான் கரெக்ட்டு'ன்னு பார்த்திபன்கிட்ட நான் பேசிக்கறேன். ஸ்டோர்ல, இல்ல செக்யூரிட்டில போடச் சொல்றேன். ஆளு தப்பிச்சுடுவாரா இல்லியா?"

தப்பித்துவிடுவான். அதுதான் ஹெலனின் காலைப் பிடித்து இழுத்தது. இரண்டு நாள் ஓட்டமும் அலைச்சலும் ஒரு சொல்லில் தீர்ந்துவிடும். அவள் போய் உட்கார்ந்தாள். எபினேசரின் வரியைத் தேடினாள், காலிக் கட்டத்தில் 'குறைவு' என்று தட்டினாள், பட்டனை அழுத்தினாள். நாலே செகண்டில் பாரம் வந்தது. டிசம்பர் தேதி, டாக்டர் கையெழுத்து, எல்லாம் சுத்தமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதைப் பார்த்து அவளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அடியில் எபினேசர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் பாக்கி. மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு லைன் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும் நேரம். பதினாறு வீடு, ஒரே குழாய். குடங்கள் வரிசைகட்டி நின்றன. கொடியில் காய்ந்த துணிகளில் வழக்கம்போலக் கரித்தூள் படிந்திருந்தது. ஞானம்மா அதை உதறிக்கொண்டே யாரையோ சபித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் தானியேலுக்கும் அதே மில்லு, அதே மேடை. பதினாறு வீட்டில் பதினோரு வீட்டு ஆண்கள் அங்கேதான் போகிறார்கள். எபினேசர் வாசலில் குந்திக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். வேலையில்லாமல் உட்கார அவனுக்குத் தெரியாது.

ஹெலன் பாரத்தை நீட்டினாள். கையெழுத்துப் போடு என்று சைகை காட்டினாள்.

அவன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தான். உள்ளே போய் மெமோவோடு வந்த பழைய பாரத்தை எடுத்து வந்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இதுலயும் அதே தேதி. அதே டாக்டரு சைன். அதுல நார்மல், இதுல குறைவுன்னு கீது. எப்பிடி?"

"போட்டுக் குடுய்யா, அப்பால சொல்றேன்."

"ஆங்? குறைவுன்னு டிசம்பர்லயே தெரியுமா? தெரிஞ்சுகினே எனுக்கு ஒருத்தரும் சொல்லலியா? உனுக்குத் தெரியுமா?"

"மெதுவாப் பேசு!"

"எனுக்குச் சொல்லாம கிரேனுக்கு அடில அனுப்ச்சிகினு இருந்தியா நீ?"

குழாயடியில் தலைகள் திரும்பின. ஹெலன் அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, கையைக் குவித்து, "டெஸ்ட்டே எடுக்கலய்யா" என்றாள். அவன் ஆங் என்றான். கொஞ்சம் உரக்கச் சொன்னாள். ஆங் என்றான். அவன் கண்ணில் இதுவரை அவள் பார்க்காத ஒரு சந்தேகம் நின்றது, பொண்டாட்டியைப் பார்க்கிற பார்வையே இல்லை அது. ஊர் காதில் விழாமல் இந்த மனுஷனிடம் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. ஹெலன் நிமிர்ந்தாள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"டெஸ்ட்டே எடுக்கல! உனுக்கு மட்டுமில்ல, ஒருத்தனுக்கும் எடுக்கல! மூணு வருஷமா கட்டம் காலியாதான் வந்துச்சு! அதுல நார்மல்னு போட்டது நான்! காலியா கீறதுல எல்லாம் நார்மல் போடுன்னு கம்ப்யூட்டர்ல எழுதி வச்சது நான்தான்! இந்தக் குறைவையும் மத்தியானம் நான்தான் போட்டேன்! ரெண்டும் நான்தான்யா போட்டேன்!"

குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை.

"எங்க ஊட்டுக்காரருக்கும் அதான் போட்டியா?" என்று ஞானம்மா கேட்டாள்.

"ஆமாக்கா."

"அந்த மனுஷனும் நாலு தபா கூப்டாத்தான் திரும்பறாரு. அடிப்பாவி! படிச்ச பொண்ணு, கோயில்ல பைபிள் வாசிக்கிற பொண்ணு, உன் ஊட்டுக்காரனுக்கு மட்டும் மாத்திக்கினு வந்துட்டியா? எங்க ஆளு அடிலயே நிக்கட்டும்னு?"

மத்தியானம் அந்தப் பட்டனை அழுத்தியபோது தானியேலின் வரி எபினேசரின் வரிக்கு நேர் கீழே இருந்தது, அதையும் அவள் கண் பார்க்கத்தான் பார்த்தது. புதுப் பாரத்தைப் பிடுங்கி நாலாகக் கிழித்தாள். உள்ளே போய் மகளுடைய கோடு போட்ட நோட்டிலிருந்து தாள்களை உருவிக்கொண்டு வந்து வாசல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"வாங்கக்கா. உங்க ஊட்டுக்காரரு பேரு, டோக்கன் நம்பரு எல்லாம் சொல்லுங்க. எல்லாருது பேரையும் எழுதறேன். பார்த்திபன் சாருக்கு ஒண்ணு, ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்கு ஒண்ணு. ரிஜிஸ்டரைச் சார்கிட்ட காட்றதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்து வச்சிருக்கேன்."

"உன் வேலை?"

"போவட்டும்."

கையால் எழுதிப் பழக்கம் விட்டுப்போய் விரல்கள் வலித்தன. 'இந்தப் பாரங்களில் செவித்திறன் நார்மல் என்று எழுதியது எந்த டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. எழுதியது நான்' என்று தொடங்கினாள். ஞானம்மா முறைத்துக்கொண்டேதான் இருந்தாள், ஆனாலும் உள்ளே போய் தானியேலின் பாரத்தைக் கொண்டுவந்து போட்டாள். ஒவ்வொரு வீடாகப் பாரங்கள் வந்தன. பதினோரு பெயர்களையும் எழுதி முடிக்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. எபினேசர் இவ்வளவு நேரமும் பழைய பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

ஹெலன் முதல் பெயருக்கு நேரே பேனாவை வைத்து, போடு என்று காட்டினாள்.

அவன் பேனாவை வாங்கவில்லை. "ஹெலனு, கேம்புல டார்ச் அடிச்சுப் பாத்தாங்களே, அதான் டெஸ்ட்டுன்னு நான் நெனச்சுகினு இருந்தேன். அப்போ எனுக்குக் காது நல்லா கீதுன்னு எவனும் பாத்துச் சொல்லலியா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"நீ கூப்டா கேக்கல. சூப்பர்வைசர் கூப்டா கேக்கல. ஆனா பேப்பர்ல காது நார்மல்னு வருது. வருஷா வருஷம் வருது. அப்போ எனுக்கு மூளைதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். பாஸ்டரு கைல சீட்டு எழுதிக் குத்தேன், புத்தி தெளியணும்னு ஜெபம் பண்ணச் சொல்லி. சொன்னா நீ பயந்துக்குவேன்னு உங்கிட்ட சொல்லல."

குழாயடியில் நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது. அவன் மெதுவாகத்தான் சொன்னதாக நினைத்தான். பிறகு ஒரு சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டான்.

"அப்போ எனுக்குப் புத்தி நல்லாத்தான் கீதா?"

ஹெலன் இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை.

"நல்லா கீதுய்யா!" என்று கத்தினாள். "உன் புத்தி நல்லா கீது! காதுதான்யா போச்சு!"

எபினேசர் தலையை ஆட்டினான். பேனாவை வாங்கி, அவள் காட்டிய இடத்தில் தன் பெயரை முழுசாக எழுதினான்.